எலந்தமேட்டிலிருந்து இறங்கும் போன்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சிங்கப்பூரில் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் கதவுக்கும் கம்பிக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். "உன்னைப் பார்த்தால் எனக்குக் கால் வலிக்கிறது" என்பார் என் கணவர். அதனாலோ என்னவோ, எங்கள் நண்பர் குழு இந்த வேலையை என் தலையில் கட்டியது.

வேலை இதுதான். போன வருடம் நாங்கள் சிலர் சேர்ந்து, தருமபுரி மாவட்டத்தின் மலைக் கிராமங்களிலும் ஒதுக்குப்புறமான ஊர்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தோம். இந்த வருடமும் கொடுக்கலாமா என்று கூடிப் பேசியபோது குழு இரண்டாகப் பிரிந்தது. போன் கையில் இருந்தால் பிள்ளைகள் முன்னுக்கு வரும் என்றது ஒரு கட்சி. ரீல்ஸ் பார்த்துக் கெட்டுக் குட்டிச்சுவராகும் என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூடத் தருமபுரியைப் பார்த்ததில்லை. "நீதான் பெங்களூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறாயே. அப்படியே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு, நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்" என்றார்கள். ஒரே வார்த்தையில் என் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் கிளம்பிவிட்டேன்.

பெங்களூரிலிருந்து தருமபுரி வரும் ரயிலில் எதிரே ஒரு தாயும் மகளும் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓசூர்க்காரர் கேட்காமலே மொழிபெயர்த்தார். "சேலத்துல அத்தை வீட்டுல வைஃபை இருக்கான்னு பொண்ணு கேக்குது. இல்லன்னா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிப் போயிடுமாம். அத்தை வீட்டுல மாடு இருக்குன்னு அம்மா சொல்றாங்க." கெட்டுப்போகும் கட்சிக்கு முதல் ஓட்டு விழுந்தது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். சிங்கப்பூரில் காலையில் ரொட்டியைப் பொசுக்கித் தேங்காய் ஜாம் தடவித் தருவார்கள். அதைப் பல வருடம் தின்ற நாக்குக்கு அந்த வடகறி ஒரு நல்ல அடி. பரிமாறியவர் நான் கேட்காமலே இரண்டாவது முறையும் ஊற்றினார். பிறகு பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸுக்குள் புளி மூட்டைகள் எனக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. பாட்டு அலறியது. எழுந்து நடக்கவும் வழியில்லாமல் ஒரு மூட்டையின் மேல் காலை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் நான் பார்க்க வேண்டியவர் நூர்ஜஹான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வளையல், ஹேர் கிளிப், போன் கவர், ரீசார்ஜ் எல்லாம் ஒன்றாக விற்கும் சின்னக் கடை அவருடையது. நாங்கள் வாங்கிய போன்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கை ஒரு வேலையும் வாய் ஒரு வேலையுமாக இருக்கும் ஆள். அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

"உக்காருங்கக்கா. எலந்தமேட்டு ஜீப்பு வர்ற நேரம். வந்ததும் பாருங்க" என்றார்.

எலந்தமேடு மலைமேல் இருக்கிற ஊர். அங்கே போன் டவர் எட்டாது. பஸ்ஸும் கிடையாது. காலையில் ஒரு ஜீப் இறங்கும், மாலையில் அதுவே ஏறும். அதை ஓட்டுகிற சேகர் வண்டியை நிறுத்தி, கனமான மஞ்சள் பை ஒன்றைக் கடை மேசையில் வைத்தார். தக்காளி என்று நினைத்தேன். நூர்ஜஹான் பையைக் கவிழ்த்ததும் உள்ளேயிருந்து போன்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. வளையல் ஸ்டாண்டுகளுக்கு நடுவே அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக டேட்டாவைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து மழைக்கு முந்தின தவளைகள் மாதிரி கத்த ஆரம்பித்தன.

எலந்தமேட்டின் ஏற்பாடு இதுதான். காலையில் ஊரிலுள்ள போன்கள் ஆள் இல்லாமல் பையில் இறங்கும். நூர்ஜஹான் கடையில் பகல் முழுக்க இருந்து, வரவேண்டிய செய்தி, பாடம், படம் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். மேலே எழுதிவைத்த பதில்கள் தாமாகப் போய்விடும். எங்கேயாவது எதையாவது அழுத்த வேண்டுமென்றால் நூர்ஜஹான் அழுத்துவார். மாலையில் பை மேலே போகும். அதனால் எலந்தமேட்டில் எந்தப் போனுக்கும் பூட்டு கிடையாது.

"எல்லாத்தையும் படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"கவுத்துப் போட்டுடுவனுங்கக்கா. பாக்க மாட்டன். கேட்டா மட்டும் அழுத்துவன்" என்றவர், பச்சை நூல் கட்டிய போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. "இதுலதான் நா ஒரு தப்பு பண்ணிட்டன்."

அந்தப் போன் கௌசல்யாவுடையது. பொன்னுசாமி என்கிற விவசாயியின் இளைய மகள். மலைமேல் இருக்கும் பள்ளியிலேயே பன்னிரண்டாவது முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில், விடுதியோடு இடம் கிடைத்துவிட்டது. இடம் எனக்கு வேண்டும் என்று போனில் உறுதி செய்யச் சொல்லி முந்தின நாள் செய்தி வந்திருக்கிறது. நூர்ஜஹான் வழக்கம்போல அழுத்தினார். ஓடிபி கேட்டது, போட்டார். பிறகு, கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறக்கவும் என்று வந்தது.

"கேட்டதும் மூடித் தொறந்துட்டன்" என்றார்.

"நீங்களா?"

"பழக்கமுங்கக்கா. எது கேட்டாலும் செஞ்சுடறதுதான. செகப்பா வந்துடுச்சு, மூஞ்சி ஒத்துப் போவலைன்னு. சரி, இதுல இருந்த அந்தப் புள்ளயோட போட்டோவ என் போனுக்கு அனுப்பி இது முன்னாடி காட்டுனன். அதுக்கும் செகப்பு. இன்னும் ஒரே ஒரு வாட்டிதான் பாக்குமாம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இல்லன்னா எடம் வேற ஆளுக்குப் போயிடுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அந்தப் பொண்ண வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"சேகர் அண்ணன்கிட்ட நேத்தே சொல்லியனுப்புனன், புள்ளைய அனுப்புங்கன்னு. போன்தான் வந்திருக்குது" என்றார் நூர்ஜஹான்.

அன்று மாலையே அதே ஜீப்பில் ஏறினேன். இரண்டு நாள் கழித்துப் போவதாகத்தான் திட்டம். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் உர மூட்டை, முதுகுக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி. மூன்றாவது வளைவு தாண்டியதும் என் போனில் சிக்னல் செத்துப்போனது. போனை ஜீப்புக்கு வெளியே நீட்டித் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "கைய உள்ள வையுங்க, மரக்கெள அடிச்சுடும்" என்றார் சேகர்.

பொன்னுசாமி வீட்டில்தான் தங்கினேன். அவர் மனைவி அலமேலு களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தார். களியை எப்படி விழுங்குவது என்று கௌசல்யா சொல்லிக் கொடுத்தாள். மெல்லக் கூடாதாம், குழம்பில் புரட்டி அப்படியே உள்ளே தள்ள வேண்டுமாம். நான் மென்றேன், அவள் சிரித்தாள். ஒல்லியான, கூர்மையான பெண். பேசும்போது கண்ணை நேராகப் பார்ப்பாள்.

"இந்தப் போன் உனக்குப் பிரயோஜனமா இருக்கா?" என்று நான் வந்த வேலையைத் தொடங்கினேன்.

"இருக்குதுங்க. பாடமெல்லாம் இதுலதான் படிச்சன். இந்தக் காலேஜ் இருக்குறதே இதுலதான் தெரியும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ரிப்பேருக்குன்னு இது தருமபுரி வரைக்கும் போயிட்டு வந்திருக்குது. நா போனதில்லீங்க" என்றாள்.

பொன்னுசாமி அதுவரை வாசலில் நின்றவர் உள்ளே வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். "நீங்க குடுத்த போன் நல்லா இருக்குதுங்க. பெரிய புள்ள கல்யாணத்துக்கு முன்னால கம்ப்யூட்டர் கிளாசுன்னு தெனமும் ஜீப்புல எறங்கி ஏறிக்கிட்டு இருந்துச்சு. அது வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. இப்ப அந்தக் கவல இல்ல. எல்லாம் போனுலயே வந்துடுது. போன் போயிட்டு வந்துடுது. போனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே" என்றார்.

கையில் எடுத்த களியைத் தட்டிலேயே வைத்தேன். போன் வருவதற்கு முன்னால் அக்கா தினமும் மலையை விட்டு இறங்கியிருக்கிறாள். போன் வந்த பிறகு தங்கை இறங்கவே இல்லை. கெட்டுப்போவார்கள் என்றார்களே, உருப்படுவார்கள் என்றார்களே, இந்தச் சங்கதியை எங்கள் குழுவில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் கூடிக் கூடிப் பேசி வாங்கிக் கொடுத்த பொருள், இந்தப் பெண்ணை வீட்டில் உட்கார வைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அவ மூஞ்சியக் காட்டணும். இல்லன்னா எடம் போயிடும்" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"தெரியுமுங்க. சேகர் சொன்னாப்புல" என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். மூன்று வீடு தள்ளி ஒரு பெண். போனில் பழகிய ஒருவனோடு போன வருடம் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறியவள்தான். பெங்களூரில் இருக்கிறாள் என்கிறார்கள். அவளுடைய அப்பா அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, யார் வீட்டுச் சாவுக்கும் போகவில்லை. "நல்ல மனுசனுங்க. இப்ப காட்ட வுட்டு வர்றதே இல்ல" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால் நான் பதிலுக்கு வாய்ச்சவடால் அடிக்கவில்லை. கௌசல்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஜீப் கிளம்பத் தயாரானபோது பொன்னுசாமி பச்சை நூல் போனைப் பையில் போடப் போனார். அலமேலு அடுப்பிலிருந்து எழுந்து வந்தார்.

"மூஞ்சியக் கேட்டா போனா மூஞ்சியக் காட்டும்? இல்ல, நீ போயி கண்ணச் சிமிட்டிட்டு வர்றியா?" என்றார் கணவரைப் பார்த்து.

சேகர் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். பொன்னுசாமி சிரிக்கவில்லை. சாமை அறுப்பு நடக்கிறது, ஆள் வைத்திருக்கிறார், அவராலோ அலமேலுவாலோ அன்றைக்கு வர முடியாது. போனைப் பையில் போடாமல் மகள் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "சாயங்காலம் நீங்களே கொண்டாந்து வுட்டுடுவீங்களா?" என்றார்.

"கண்டிப்பா" என்றேன்.

"நீங்களே."

"நானேதாங்க."

இத்தனை சுலபமாக முடிந்துவிட்டதே என்று நினைத்தது என் புத்திகெட்டதனம். பாதி மலையில், வளைவு ஒன்றில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி சக்கரம் பள்ளத்தில் இறங்கிக் குறுக்கே நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மூட்டைகளை இறக்கினால்தான் லாரி எழும் என்றார்கள். இறக்குகிற ஆட்கள் கீழேயிருந்து வர வேண்டும் என்றார்கள். கீழே சொல்ல வேண்டுமென்றால் சிக்னல் வேண்டும். சேகர் சாவகாசமாகப் பீடி பற்ற வைத்தார். நான் லாரியை மூன்று முறை சுற்றி வந்தேன். சிங்கப்பூரில் ரயில் நாலு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பார்கள். அதையும் நாங்கள் திட்டுவோம்.

பகல் உச்சிக்கு வந்தும் லாரி நகரவில்லை. "குறுக்கு வழி இருக்குதுங்க. நடக்குறீங்களா?" என்றாள் கௌசல்யா.

வழி என்று அவள் சொன்னது கற்களுக்கு நடுவே ஒரு கோடு. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் பாதித் தூரம் காலாலும் மீதித் தூரம் உட்கார்ந்த வாக்கிலும் இறங்கினேன். ஒரு தடவை வழுக்கி முள்ளுச் செடியைப் பிடித்து, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். "சிங்கப்பூர்லயும் இதேதான் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அடிவாரத்துக்கு வந்ததும் ஒரு பால் வண்டிக்காரர் கேன்களுக்கு நடுவே ஏற்றிக்கொண்டார். கடையில் போய் இறங்கியபோது மணி நாலரையை நெருங்கிவிட்டது.

நூர்ஜஹான் கடை வாசலில் நடந்துகொண்டிருந்தார். என்னைப் போல இன்னொரு பிறவி. "வந்துட்டியா, வா வா" என்று போனைப் பிடுங்கித் திறந்தார். செயலியைப் புதுப்பித்தால்தான் திறக்கும் என்றது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் இந்தப் பயணத்தில் நான் அசையாமல் நின்ற ஒரே நேரம்.

திறந்தது. கௌசல்யா முகத்தைக் காட்டினாள். வெளிச்சம் போதவில்லை என்றது.

"வெளிய வா" என்று நூர்ஜஹான் அவளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பக்கத்து டீக்கடைக்காரர், கொய்யாப்பழம் விற்கிற அம்மா, எல்லாரும் கூடிவிட்டார்கள். விஷயம் தெரியாமலே "கண்ணத் தொற, கண்ண மூடு" என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நூர்ஜஹான் தன் முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்தார். துடைத்துவிட்டு, தன் முகம் கேமராவில் விழுந்துவிடப் போகிறதே என்று நாலடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கௌசல்யா கண்ணை மூடினாள். திறந்தாள். பச்சை வந்தது.

டீக்கடைக்காரர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார். நூர்ஜஹான் திரும்பி, பச்சையைப் பார்த்துவிட்டு அழுதார். எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அடுத்த செய்தி உடனே வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் கல்லூரி வண்டி தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வரும், அப்பாவோ அம்மாவோ கூட வந்து கையெழுத்துப் போட்டு ஏற்றிவிட வேண்டும், வராவிட்டால் இடம் ரத்து. நூர்ஜஹான் வீட்டிலிருந்து சுடச்சுட குஸ்கா கொண்டுவந்தார். நான் அள்ளி அள்ளித் தின்றேன். கௌசல்யா தட்டைத் தொடாமல் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி எழுந்து வழிவிட்டதும், சேகர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். கௌசல்யா எழுந்திருக்கவில்லை.

"நா மேல வர்லீங்க" என்றாள்.

"என்ன சொல்ற?"

"போனா மறுபடி எறங்க வுட மாட்டாங்க. திங்கக்கெழம வரைக்கும் இங்கயே இருந்துக்கறன்."

நூர்ஜஹான், "இருக்கட்டுங்கக்கா, என் புள்ளைங்களோட படுத்துக்கும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் காலையில் நானேதான் என்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். இவளை விட்டுவிட்டு நான் மட்டும் ஜீப்பில் போய் இறங்கினால், அவருக்கு அந்த மூன்று வீடு தள்ளி இருக்கிறவர் கதைதான் கண்முன் வரும். அதற்குப் பிறகு திங்கட்கிழமை கையெழுத்துப் போட எவர் வருவார்? இதை எல்லாம் அவளிடம் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். படபடப்பில் கத்தினேன்.

கௌசல்யா எழுந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மலை ஏறி முடிகிறவரை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன்.

ஜீப் நிற்கும் இடத்தில் பொன்னுசாமி நின்றிருந்தார். அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியானத்திலிருந்தே நிற்பதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மகள் இறங்கியதும், "சாப்புட்டியா?" என்றார். அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வந்ததை, திங்கட்கிழமையை, கையெழுத்தை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"பாக்கலாமுங்க" என்றார்.

எனக்குத் தமிழில் பிடிக்காத ஒரே சொல் அதுதான்.

சனிக்கிழமை காலை நான் இறங்கினேன். கௌசல்யா வழியனுப்ப வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரியூருக்குப் போனேன். அங்கேயும் எங்கள் போன்கள் இருந்தன. அங்கே சிக்னல் முழுசாக இருந்தது. ஒரு பிள்ளை வீடியோ பார்த்துப் பார்த்தே மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டக் கற்றுக்கொண்டு, ஊர்க் கிணற்று மோட்டாரை எல்லாம் பழுது பார்க்கிறது. இன்னொரு பிள்ளை விளையாட்டில் விழுந்து பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டது, அதன் அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "தயவு பண்ணி அதத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்றார். இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு ஓட்டு. நான் இரண்டையும் கேட்டேனே தவிர மனது ஏரியூரில் இல்லை.

கௌசல்யாவின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் சலிக்காமல் சொன்னது. அது எனக்கும் தெரியும். பிறகு நூர்ஜஹானுக்கு அடித்தேன்.

"பை வந்துச்சுங்கக்கா. பச்ச நூலு மட்டும் வர்ல" என்றார்.

"அப்படின்னா?"

"தெரியலியே. மூட்ட கட்டறதுக்கு அவளே வெச்சிருக்கலாம். இல்ல, அவங்கப்பா புடுங்கி வெச்சிருக்கலாம். சேகர் அண்ணனக் கேட்டா, நா பையத்தான் வாங்குனன், ஆளப் பாக்கலங்குறாரு."

அன்று மாலை எங்கள் குழுவில் செய்தி வந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தார்கள். ஏதோ தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். தருமபுரி லாட்ஜில் என் அறைக்கும் மொட்டை மாடிக்கும் நடந்ததில் லாட்ஜ்காரர் வந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். மத்தியானம் கல்லூரி வண்டி வந்து ஒரு ஓரமாக நின்றது. வார்டன் அம்மா பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெண்களை ஏற்றினார். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஒன்று வந்தது, அதில் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. "கௌசல்யா" என்று வார்டன் கூப்பிட்டார். "வந்துகிட்டே இருக்காங்க" என்று நான் துணிந்து பொய் சொன்னேன். டிரைவர் எஞ்சினைப் போட்டார்.

அந்த நேரத்தில் மூன்றாவது பஸ் வளைந்து வந்து நின்றது. படியில் முதலில் ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பிறகு பொன்னுசாமி. பிறகு அவள்.

பொன்னுசாமி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஓட்டமும் நடையுமாக வந்து வார்டன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வார்டனிடம், ராத்திரி விடுதிக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டார். சொன்னதும், அதற்கு முன்னால் பூட்ட முடியாதா என்று கேட்டார். கௌசல்யா என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினாள். "கோவமா இருந்தன்" என்றாள். "நானும்தான்" என்றேன். அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. அவள் கை ஆட்டினாள். அவர் ஆட்டவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு புத்தம்புது பட்டன் போனை எடுத்தார். வழியில் நூர்ஜஹான் கடையில் வாங்கியதாம். மகளே தன் எண்ணை அதில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவருடைய கைக்கு அது இன்னும் பழகவில்லை, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இப்பக் கூப்புடலாங்களா?"

"இப்பத்தானேங்க போச்சு. ஹாஸ்டல்ல போய் இறங்கினதும் அவளே கூப்பிடுவா."

"எந்நேரமாவுமுங்க?"

"வழியில நின்னு நின்னு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போகும், சாயங்காலம் ஆயிடும்."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முகத்தில் அது தெரிந்தது.

"சாயங்காலம் நா மேல இருப்பனுங்களே" என்றார்.

இதற்குள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர் பெயரைக் கத்தினார். "ஏறுங்க, இத விட்டா உங்க ஜீப்பப் பிடிக்க முடியாது. அப்புறம் நாளைக்குத்தான்" என்றேன். இரண்டு எட்டு வைத்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். நின்றார். திரும்பி வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போவட்டுமுங்க" என்றார்.